காலையில் புடிக்காத லாரி: டீசல் லைனை எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

போன கார்த்திகையில் ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாகப் பண்ணாரியிலிருந்து போன். திம்பம் மலைப்பாதையில் இரவில் கனரக வண்டிகளை விடுவதில்லை. அதனால் செக்போஸ்ட்டுக்கு முன்னால் வரிசையில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார் டிரைவர். கேட் திறந்ததும் முன்னால் நின்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், இவர் வண்டி மட்டும் நிற்கிறது. "ஏனுங்ணா, செல்ஃப் நல்லா அடிக்குதுங், என்ஜின் புடிக்க மாட்டேங்குதுங். பின்னாடி நிக்கறவங்க எல்லாம் ஆரன் அடிக்கறாங்க. பம்ப்பைக் கழட்டீரலாமுங்களா?"

வேண்டாம் என்றேன். சங்ககிரியில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஸ்டார்ட்டிங் டிரபிள் என்றதும் முதலில் நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் மேல் கை வைப்பதுதான் நம் ஆட்களின் பழக்கம். பம்ப்பை இறக்கி, கேலிபரேஷன் பண்ணி, ஏற்றி, டீசல் பீய்ச்சும் நேரத்தை (டைமிங்) சரியாக வைத்து, ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு பார்த்தால் கோளாறு சில ரூபாய் வாஷரில் இருக்கும். அந்தப் பண்ணாரி வண்டியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வரிசை.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நசுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் புகை மாதிரிப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, வேகமாகச் சுற்ற வேண்டும், நல்ல காற்று வேண்டும், சரியான நேரத்தில் டீசல் வேண்டும். இந்த மூன்றில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

தொடங்கும் முன்: வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா என்று பார்த்த பிறகே தலையை உள்ளே விடுங்கள். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது.

படி 1: செல்ஃப் எப்படி அடிக்கிறது?

சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். 'விர்விர்' என்று வேகமாகச் சுற்றினால் அடுத்த படிக்குப் போகலாம். 'உர்ர்... உர்ர்...' என்று இழுத்தால் டீசல் லைனை மறந்துவிடுங்கள், இது கரண்ட் பிரச்சினை. மெதுவாகச் சுற்றினால் காற்று சூடேறுவதற்குள் பிஸ்டன் ரிங் வழியே கசிந்துவிடும்.

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸில் சேர்ந்து 24 வோல்ட். இரண்டையும் தனித்தனியே மீட்டர் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றும் 12.6 அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். செல்ஃப் அடிக்கும்போது ஒன்று 9.6க்குக் கீழே விழுந்தால் அதுதான் ஆள். பெரும்பாலும் ஒரு பேட்டரி நன்றாக இருக்கும், மற்றது செத்துக்கிடக்கும். காரணம் கேபினுக்குள் இருக்கிறது. பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், சாமி படத்து சீரியல் பல்பு எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் ஒயர் இழுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் அரைப் பட்டினி.

பேட்டரி இரண்டும் சரி என்றால் சேஸிஸ் எர்த் ஒயரையும் டெர்மினலையும் பாருங்கள். செல்ஃப் அடித்ததும் எந்த ஜாயின்ட் கை பொறுக்காத அளவு சூடாகிறதோ, அங்கேதான் கரண்ட் வீணாகிறது. ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், இடையில் ஒன்றிரண்டு நிமிடம் ஆற விடுங்கள். செல்ஃப் மோட்டார் எரிந்தால் அது தனிக் கதை.

படி 2: சைலன்சரைப் பாருங்கள்

ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும்.

புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளையாக, கண்ணை எரிக்கும், எரியாத டீசல் வாடையோடு வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. குளிர், கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் அழுத்தம்) குறைவு, டைமிங் தள்ளியிருப்பது, டீசலைப் பீய்ச்சும் முனையான நாசில் ஒழுகுவது, டீசலில் தண்ணீர் என்று பல காரணம் இருக்கலாம். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஜல்லி, எம் சாண்ட் ஓட்டும் வண்டிகளில் அதைத் தட்டினால் அரைக் கிலோ மண் விழும்.

பண்ணாரி டிரைவரிடம் கேட்டேன். "ஒண்ணுமே வல்லீங்ணா." சரி, டீசல் போகவில்லை.

படி 3: ஸ்டாப் லீவர்

என்ஜினை நிறுத்த டீசலை அடைக்கும் லீவர் இது, ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். இழுத்து நிறுத்தும் கேபிள் என்றால் பம்ப்பில் உள்ள லீவர் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா பாருங்கள். கரண்டில் வேலை செய்யும் சோலனாய்டு என்றால் சாவி போட்டதும் 'டக்' என்ற சத்தம் வர வேண்டும். கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்ற வண்டியை டிரக்கில் கட்டி இழுத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: டேங்கில் ஆரம்பியுங்கள்

டீசல் போகும் வழியை மனதில் வையுங்கள்: டேங்க், அதனுள் ஜாலி (சல்லடை), பைப், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப், ஃபில்டர், பெரிய பம்ப், ஹை பிரஷர் பைப், நாசில். பெரிய பம்ப்பை இன்றும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்கிறோம், கம்பெனி 2008இல் பாஷ் என்று பேர் மாற்றிய பிறகும்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. ஓட்டை அடைத்தால் உள்ளே வெற்றிடம் கூடி டீசல் மேலே ஏறாது. நம் ஊரில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. மூடி தொலைந்துபோனால் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை உருட்டி வாயில் அடைத்துவிடுவார்கள். நாளாக ஆக அதன் நூல் பிரிந்து உள்ளே விழும். ஒரு போர்வெல் ரிக் வண்டியின் டேங்க் ஜாலியைக் கழற்றியபோது சாம்பல் நிறத்தில் கிளிக்கூடு மாதிரி ஒரு பஞ்சு உருண்டை வந்தது. டீசல் எப்படி வரும்?

டேங்க் மேல் சந்தேகமா, கேன் வைத்துப் பாருங்கள். சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி ஃபீட் பம்ப்பை விட உயரமாக வைத்து, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்ப்பின் உள்வாயில் மாட்டுங்கள். லைனில் உள்ள ஏரை எடுத்துவிட்டு (எப்படி என்று படி 5இல் சொல்கிறேன்) ஸ்டார்ட் செய்தால் என்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியென்றால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். ஓடவில்லை என்றால் அதற்கு மேலே. லைனை இரண்டாக வெட்டிப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

படி 5: ஏர் எங்கே புகுகிறது?

புதிதாகப் பழகுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். டீசல் எங்கும் ஒழுகவில்லை, அதனால் லீக் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஃபீட் பம்ப்புக்கு முந்தைய பைப்பில் இருப்பது இழுவை. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். ஃபீட் பம்ப்பைத் தாண்டிய பிறகுதான் லீக் ஈரமாகத் தெரியும்.

இரவெல்லாம் வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியே காற்று நுழைந்து, பைப்பில் இருந்த டீசல் தாழ இருக்கும் டேங்குக்கே இறங்கிவிடும். அதனால் அடையாளங்கள் இப்படி இருக்கும்: காலையில் புடிக்காது, ஒருமுறை புடித்தால் அன்றைக்கெல்லாம் தொந்தரவு இல்லை. டேங்க் நிறைய இருந்தால் புடிக்கும், கால் டேங்க் ஆனால் மக்கர். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் இன்னும் மோசம். பண்ணாரியில் வண்டி நின்றதும் மேட்டைப் பார்த்துத்தான், டேங்கிலும் கால்வாசிதான் டீசல்.

உறுதி செய்ய, ஃபில்டருக்கும் பெரிய பம்ப்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு சாண் மாட்டிப் பாருங்கள். ஓடும்போது குமிழி வந்தால் ஏர்தான். சோதனைக்கு மட்டும், அதுவும் தாழ்ந்த பிரஷர் பக்கம் மட்டும். பிறகு பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். போல்ட்டுக்கு இரு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். ஒருமுறை இறுக்கிய வாஷர் கெட்டிப்பட்டுவிடும். அதையே திருப்பிப் போட்டால் சரியாகப் பதியாது.

பண்ணாரியில் நடந்ததும் அதுதான். முந்தின வாரம் எங்கோ ஃபீட் பம்ப் ஜாலியைச் சுத்தம் செய்தவர் பழைய வாஷரையே போட்டிருக்கிறார். புது வாஷர் கைவசம் இல்லை. போனிலேயே சொன்னேன், டிரைவர் டீக்கடை அடுப்பில் வாஷரை இடுக்கியில் பிடித்துச் சிவக்கும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டார். இரும்பு என்றால் இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். மேலே படிந்த கருப்பைத் துடைத்துப் போட்டு இறுக்கினார். பிறகு ஏர் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஏர் எடுப்பது இப்படி. ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குருவை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஃபீட் பம்ப்பில் உள்ள கை பம்ப்பின் குமிழைத் திருகி விடுவித்து அடியுங்கள். முதலில் சோடா மாதிரி நுரை வரும். நுரை நின்று கெட்டியான டீசல் வந்ததும், அடிப்பதை நிறுத்தாமலே ஸ்குருவை மூடுங்கள். பெரிய பம்ப்பின் ஸ்குருவிலும் இதையே செய்யுங்கள். கை பம்ப் இறுகிக்கொண்டே வந்தால் நல்லது. எவ்வளவு அடித்தாலும் தொளதொளவென்று இருந்தால் இன்னும் ஏர் புகுகிறது, அல்லது ஃபீட் பம்ப் வால்வு போய்விட்டது. முடிந்ததும் குமிழை மறக்காமல் திருகி மூடுங்கள், இல்லாவிட்டால் அதுவே அடுத்த ஓட்டை.

இன்னும் புடிக்கவில்லையா? பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் மட்டும், இரண்டு நாசில் பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். டீசல் துளித்துளியாகத் தெறித்ததும் இறுக்குங்கள். தெறிப்பதைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படி ஆனால் நேராக ஆஸ்பத்திரிதான்.

படி 6: தண்ணீர்

ஃபில்டரின் அடி ஸ்குருவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 830 கிராம்தான், தண்ணீர் கீழே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்கைக் காலியாக வைத்துக்கொண்டு நிறுத்தினால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும்.

காமன் ரெயில் வண்டி என்றால்

எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் (ரெயில்) டீசலை அழுத்தி வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும்போது பீய்ச்சும் வண்டி இது. இங்கே பழைய வித்தை செல்லாது. ரெயிலில் பிரஷர் ஆயிரம் பாரையும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டும். எந்த ஹை பிரஷர் நட்டையும் தளர்த்தவே கூடாது. செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். 200, 300 பாராவது ஏறாவிட்டால் இன்ஜெக்டரே திறக்காது. டேங்க், வாஷர், ஃபில்டர், தண்ணீர் எல்லாம் மேலே சொன்னபடிதான். புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டுவது மட்டும் வேண்டாம். வடிகட்டாத அழுக்கு நேரே பம்ப்புக்குப் போகும்; கை பம்ப்பால் நிரப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் ஏறவில்லை என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மீந்த டீசல் திரும்பும் ரிட்டன் பைப்பையும் ஒரே அளவு சின்ன பாட்டிலில் விட்டுப் பாருங்கள். மற்றதை விட வேகமாக நிரம்பும் பாட்டில் எதுவோ, அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது.

இவ்வளவும் பார்த்த பிறகு

காலையில் நன்றாகப் புடித்து, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மட்டும் புடிக்கவில்லை என்றால் பம்ப்பைச் சந்தேகப்படலாம். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த பாகங்களின் இடுக்கில் கசிந்துவிடுகிறது. ரோட்டரி பம்ப் (ஒரே தலை சுழன்று எல்லா நாசிலுக்கும் டீசல் பங்கிடும் வகை) என்றால் ஈரச் சாக்கை அதன் மேல் போட்டுக் கால் மணி நேரம் ஆற விட்டு அடித்துப் பாருங்கள். புடித்துவிட்டால் பம்ப் தேய்மானம்தான். சூடான பம்ப்பில் நேரே தண்ணீர் ஊற்றாதீர்கள், ஜாம் ஆகிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் அது பம்ப் இல்லை, ரிங். கம்ப்ரஷன் பார்க்கும் இடத்துக்குப் போங்கள்.

பம்ப்பை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் திரும்ப ஏற்றும்போது டைமிங் அதே இடத்தில் வர, பம்ப் ஃபிளேஞ்சிலும் (என்ஜினோடு பொருந்தும் விளிம்பு) என்ஜின் பக்கமும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.