நீட் எழுதப் போகிறீர்களா? ஒரு தப்பு நோட்டோடு தொடங்குங்கள்

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் என்று பல ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் அதிகம். புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது, "சார், எந்த புக் வாங்கணும்?" என்றுதான். புத்தகம் அப்புறம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில், வினாத்தாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண். உயிரியலில் 90 கேள்விகள், இயற்பியலில் 45, வேதியியலில் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பான விடைக்கு 1 கழியும், விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. 2025 தேர்வு இப்படித்தான் நடந்தது. நீங்கள் எழுதும் ஆண்டின் தகவல் கையேடு வந்ததும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இயற்பியல் எடுக்கிற நானே சொல்கிறேன்: பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது, முதலில் அதில் காலூன்றுங்கள்.

அடுத்து, பாடத்திட்டத்தை அச்செடுங்கள்

தேசிய மருத்துவ ஆணையம் வெளியிடும் பாடத்திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்களை அதோடு ஒப்பிட்டு, முடித்த தலைப்பை அடித்துக்கொண்டே வாருங்கள். கேள்விகள் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களை ஒட்டி வருவதால், உயிரியலுக்கு அந்த நூலையும் வரி வரியாகப் படிப்பது நல்லது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைக்கூட விடாதீர்கள்.

தமிழ் வழியில் படிக்கிறவர்கள் தமிழிலேயே எழுதலாம். அந்த வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவம்தான் செல்லும். அதனால் முடுக்கம் என்றால் ஆக்ஸிலரேஷன், உந்தம் என்றால் மொமெண்டம், திருப்பு விசை என்றால் டார்க் என்று நாளைக்குப் பத்துச் சொற்களை இணை இணையாக எழுதிப் பழகுங்கள்.

தப்பு நோட்டு

எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் வேலை வேறு இல்லை. 200 பக்க நோட்டு ஒன்று போதும். பயிற்சியில் தப்பாகிற ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன கேட்டார்கள், நான் என்ன செய்தேன், ஏன் தப்பானது.

ஒரு பெண்ணின் நோட்டில் பார்த்தது இது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், நொடிக்கு நொடி 4 மீட்டர் வேகம் குறைந்து நிற்கிறது. எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? அவள் 72-ஐ அப்படியே வர்க்கப்படுத்தி 8-ஆல் வகுத்து 648 என்று குறித்திருந்தாள். 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். 20-ன் வர்க்கமான 400-ஐ, 4-ன் இரண்டு மடங்கான 8-ஆல் வகுத்தால் 50 மீட்டர். சூத்திரம் அவளுக்குத் தெரியும், அலகை மாற்றத்தான் விட்டுவிட்டாள். நோட்டைத் திருப்பினால் அதே மாதத்தில் இதே காரணம் ஏழு இடத்தில் இருந்தது. கணக்கு வராது என்று அழுதுகொண்டிருந்த பிள்ளை அவள். அன்று முதல் ஒவ்வொரு கணக்கிலும் முதல் வரியாக அலகை எழுதினாள், அந்தத் தப்பு நின்றுபோனது.

தெரியாததால் வந்த தப்பு, அவசரத்தில் வந்த தப்பு, குருட்டாம்போக்கில் குறித்ததால் வந்த தப்பு என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். குருட்டாம்போக்கில் குறிப்பது எப்படிக் கெடுக்கும் பாருங்கள்: 150 கேள்விகள் எழுதி 120 சரியானால் 480-ல் 30 போய் 450. 130 மட்டும் எழுதி 118 சரியானால் 472-ல் 12 போய் 460. இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறியுங்கள். ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லையா, தாண்டிப் போங்கள்.

ஞாயிறு மதியம் 2 மணிக்கு உட்காருங்கள்

தேர்வு மே மாதம், மதியம் 2 முதல் 5 வரை நடப்பது வழக்கம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் அக்னி நட்சத்திரம் தொடங்கும் நேரம். விடியற்காலை குளிரில் மட்டுமே படித்துப் பழகிய மூளை மூன்று மணிக்குச் சொக்கிவிடும். ஜனவரியிலிருந்தே வாரம் ஒருமுறை அதே நேரத்தில், பழைய வினாத்தாளோடும், விடைக்கு வட்டம் நிரப்புகிற ஓ.எம்.ஆர். தாளோடும் மூன்று மணி நேரம் உட்காருங்கள். உயிரியலை 50 நிமிடத்தில் முடிக்கப் பாருங்கள், இயற்பியலுக்கு ஒரு மணி நேரமாவது கிடைக்கும். வட்டங்களை மொத்தமாகக் கடைசியில் நிரப்ப வேண்டாம், ஒரு வரி தள்ளிப்போனால் பின்னால் வருகிற அத்தனையும் தப்பாகிவிடும். பக்கத்துக்குப் பக்கம் நிரப்புங்கள்.

சான்றிதழ்கள்

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டில் 7.5 சதவீதம் தனி இடம் இருக்கிறது. பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று வேண்டும், இப்போதே கேட்டு வாங்குங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு மத்திய அரசு வடிவிலான ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். வீட்டில் இருக்கும் சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

தேர்வு நாள்

மதியம் 1.30-க்குக் கதவை மூடிவிடுவார்கள். மையம் எங்கே என்று முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். அரைக்கைச் சட்டை, சாதாரணச் செருப்பு போதும். பதினொரு மணிக்கெல்லாம் சாப்பிட்டுக் கிளம்புங்கள், தயிர்சாதத்தைக் கொஞ்சமாகவே சாப்பிடுங்கள். தப்பு நோட்டை வழியில் ஒருமுறை புரட்டிவிட்டு, வாசலிலேயே அப்பா, அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.