கேட் ரிசல்ட்டுக்குப் பிறகு: எம்.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கும் வழி

எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் பிப்ரவரியில் நடக்கும், ரிசல்ட் மார்ச்சில் வரும். அதற்குப் பிறகு ஜூலை வரையிலான மாதங்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்கோர் போதுமானதாக இருந்தும் விண்ணப்பத் தேதி தவறுகிறது, ஆன்லைனில் தப்பான பட்டனை அழுத்திவிடுகிறார்கள், அல்லது சாதிச் சான்றிதழ் வேறு படிவத்தில் இருக்கிறது.

ரிசல்ட் வந்ததும் மார்க், ஸ்கோர், ரேங்க் மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மார்க் 100-க்கு, ஸ்கோர் 1000-க்கு. தகுதி மார்க் எடுத்தவருக்கு ஸ்கோர் 350. முதல் 0.1 சதவீதத்தினர் அல்லது முதல் 10 பேர், இதில் எந்தக் கூட்டம் பெரிதோ அதன் சராசரி மார்க்குக்கு 900. இடையில் உள்ளவர்களுக்கு நேர்விகிதக் கணக்கு. உதாரணத்துக்கு, தகுதி மார்க் 30, மேல்மட்டச் சராசரி 80 என்று வைத்துக்கொள்வோம். 50 மார்க் எடுத்தவரின் ஸ்கோர் 350 + 550 × 20/50, அதாவது 570. இந்தக் கணக்கில் ஒவ்வொரு மார்க்கும் 11 ஸ்கோர் புள்ளி. தப்பான விடைக்கு நெகட்டிவ் மார்க்கில் போகும் 2/3 மார்க்கூட கட்-ஆஃப் ஓரத்தில் நிற்பவருக்கு வலிக்கும்.

ஸ்கோர் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதனால் ஒரே சீட்டுக்கு மூன்று வருடத் தேர்வர்கள் போட்டியிடுகிறார்கள். ஐ.ஐ.டி.கள் ரேங்க்கைப் பார்க்காமல் ஸ்கோரைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். போன வருட சீனியரின் ரேங்க்கோடு உங்கள் ரேங்க்கை ஒப்பிடுவது வீண். ஸ்கோரோடு ஸ்கோரை ஒப்பிடுங்கள்.

ஐ.ஐ.டி.களுக்குப் பொது விண்ணப்பம் கிடையாது. ஒவ்வொன்றின் இணையதளத்திலும் தனித்தனியாகப் படிவம் போட வேண்டும், கடைசித் தேதியும் ஒவ்வொன்றுக்கு ஒன்று. அதோடு கோஆப் என்ற பொது ஏற்புத் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் சீட் ஆஃபர் வருவது அதன் வழியாகத்தான். கோஆப்பில் பதிவு செய்துவிட்டு 'எல்லா ஐ.ஐ.டி.க்கும் அப்ளை பண்ணியாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. படிவமே போடாத இடத்திலிருந்து ஆஃபர் எப்படி வரும்?

ஆஃபர் வந்ததும் மூன்று பட்டன்கள் இருக்கும். 'அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்' அழுத்தினால் சீட்டை எடுத்துக்கொண்டதாகப் பொருள். அடுத்த சுற்றுகளில் நீங்கள் இல்லை. 'ரிடெய்ன் அண்ட் வெயிட்' என்றால் இதை வைத்துக்கொண்டு மேலானதுக்குக் காத்திருப்பது. 'ரிஜெக்ட் அண்ட் வெயிட்' அழுத்தினால் அந்த ஆஃபர் மறுபடி வராது. கையில் ஹைதராபாத், மனசில் சென்னை என்றால் ரிஜெக்ட் பக்கமே போக வேண்டாம், ரிடெய்ன் கொடுங்கள். எதையும் அழுத்தாமல் கெடு முடிந்தாலும் சீட் போய்விடும்.

முதல் சுற்று கட்-ஆஃபைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. மேலே உள்ள ஒரே ஆளுக்கு நான்கைந்து ஐ.ஐ.டி.கள் ஆஃபர் கொடுத்திருக்கும், அவர் சேரப்போவது ஒன்றில்தான். மீதி சீட்டுகள் அடுத்தடுத்த சுற்றுகளில் கீழே இறங்கும். சென்ற ஆண்டின் கடைசிச் சுற்று ஸ்கோரை எடுத்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஆராய்ச்சியில் விருப்பம் இருந்தால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் எம்.எஸ். படிப்பையும் பாருங்கள். அங்கே பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் பிரதானம். கேட் ஸ்கோர் உங்களை நேர்முகத் தேர்வின் வாசல் வரைதான் கொண்டுபோகும். உள்ளே அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், நிகழ்தகவு என்று அடிப்படையைத் தோண்டுவார்கள். சூத்திரத்தை ஒப்பித்தால் 'ஏன்?' என்ற அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு பாடத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு நிரூபணத்தையும் தாளில் எழுதிப் பழகுவது பத்துப் பாடத்தை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட உதவும்.

திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற பொதுக் கவுன்சலிங். இதில் ஒரே விண்ணப்பம் போதும். விருப்பப் பட்டியலை உண்மையான ஆசை வரிசையிலேயே போடுங்கள். உங்கள் ஸ்கோருக்குக் கிடைக்கக்கூடியவற்றில் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைத்தான் கணினி ஒதுக்கும். கிடைக்காது என்று நினைப்பதை முதலில் போட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சீட் வந்த பிறகு 'ஸ்லைட்' என்றால் அதே கல்லூரியில் மேல் விருப்பம், 'ஃப்ளோட்' என்றால் எந்தக் கல்லூரியிலும் மேல் விருப்பம். கோஆப் சுற்றுகள் ஓடும்போதே இதுவும் ஓடும். இரண்டிலும் இருங்கள், ஆனால் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள்.

கேட் எழுதாதவர்களுக்கு, அல்லது ஸ்கோர் போதாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் சீட்டா பி.ஜி. தேர்வு இருக்கிறது. 2023 முதல் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு டான்செட் நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக அண்ணா பல்கலைக்கழகம் இதைத்தான் நடத்துகிறது. கேட் ஸ்கோர் இருந்தால் அதை வைத்தும் இந்தக் கவுன்சலிங்கில் கலந்துகொள்ளலாம்.

இனி சான்றிதழ். தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பி.சி., எம்.பி.சி. என்று போட்ட மாநிலச் சாதிச் சான்றிதழ் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் பொதுவாக ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பியுங்கள். ஜூனில் போனால் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக் கூட்டத்தில் தாலுகா அலுவலகத்தில் கோப்பு தேங்கும். இறுதியாண்டு மாணவர்கள் படிப்பை முடித்ததற்கான சான்றிதழையும் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அரியர் பாக்கி இருந்தால் அதற்கான கெடுவை ஒவ்வொரு நிறுவனத்தின் அறிவிப்பிலும் பாருங்கள்.

கேட் தகுதியோடு முழுநேரம் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பதிலுக்கு வாரம் 8 மணி நேரம் லேப், விடைத்தாள் திருத்தம் போன்ற உதவி வேலை பார்க்க வேண்டும். சுயநிதி, ஸ்பான்சர்டு (வேலை பார்க்கும் நிறுவனம் அனுப்பும்) சீட்டுகளுக்கு இது பெரும்பாலும் கிடையாது. எனவே ஆஃபர் கடிதத்தில் சீட்டின் வகை என்ன என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.