ஸ்காட்லாந்து குலச் சங்கம் தொடங்கி நடத்துவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஸ்காட்லாந்து மலைநாட்டின் மரபு விளையாட்டுகளைக் கொண்டாடும் ஹைலேண்ட் விளையாட்டு விழா நடக்கும் எந்த மைதானத்திலும் ஓரமாக ஒரு கூடார வரிசை இருக்கும். ஒவ்வொரு கூடாரத்தின் முன்னும் ஒரு பெயர்ப் பலகை: மக்ரெகர், புகேனன், மக்பெர்சன், டொனால்ட். அவை ஸ்காட்லாந்துக் குலச் சங்கங்களின், அதாவது ஒரே குலப் பெயரோடு தொடர்புடையவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்களின், கூடாரங்கள். கிளாஸ்கோவின் புகேனன் சங்கம் 1725-இல் தொடங்கியது, மக்ரெகர் சங்கம் 1822-இல். இத்தனை பழைய சங்கங்கள் இன்றும் உயிரோடு இருக்க, புதிதாகத் தொடங்குபவை பல நான்கைந்து ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகின்றன. பேக்பைப் என்ற பைக்குழல் வாசிக்க ஆள் இல்லாததால் எந்தச் சங்கமும் மூடவில்லை. இரண்டாம் ஆண்டுச் சந்தாவை யாரும் கேட்காததால்தான் மூடுகின்றன. கீழே உள்ள படிகள் அமெரிக்காவில் தொடங்குபவர்களை முக்கியமாக மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஸ்காட்லாந்தில் விதி மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கேலிக் மொழியில் 'கிளான்' என்றால் பிள்ளைகள். தமிழில் குலம் என்று சொல்லிவிடலாம், ஆனால் எல்லாரும் பங்காளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும், பாதுகாப்புத் தேடி வந்தவர்களும்கூட அவர் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார்கள். இதை மறந்தால் பின்னால் மரபணுச் சோதனை முடிவு வரும்போது சங்கத்துக்குள் சண்டை வரும்.

படி 1: ஏற்கெனவே சங்கம் இருக்கிறதா, தலைவர் இருக்கிறாரா?

பெரிய குலங்கள் எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு. அப்படி இருந்தால் போட்டிச் சங்கம் தொடங்காதீர்கள். அதன் கிளையாகவோ, உங்கள் மாநிலத்தின் பொறுப்பாளராகவோ சேருங்கள். மேசையும் கூடாரமும் உங்களுடையது, விதிகளும் வங்கிக் கணக்கும் அவர்களுடையது. பாதி வேலை மிச்சம். அமெரிக்கச் சங்கங்களுக்கான பொது அமைப்பு கோஸ்கா. யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் அங்கே விசாரிக்கலாம்.

அடுத்தது தலைவர். ஒரு குலத்துக்குத் தலைவர் யார் என்பதை எடின்பரோவில் இருக்கும் லார்ட் லயன் அங்கீகரிப்பார். ஸ்காட்லாந்தின் மரபுச் சின்னங்கள் அனைத்துக்கும் அவர்தான் அதிகாரி, அவருக்கென்று ஒரு நீதிமன்றமே உண்டு. அங்கீகாரம் பெற்ற தலைவர்களின் கூட்டமைப்பு 1952 முதல் இயங்குகிறது. உங்கள் குலத்துக்குத் தலைவர் இருந்தால், சங்கம் தொடங்கும் முன்பே அவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: நாங்கள் யார், எங்கே இருக்கிறோம், என்ன செய்யப்போகிறோம், புரவலராக இருக்கச் சம்மதமா? இவ்வளவு போதும். அந்தக் கடிதத்தில் பணம் கேட்காதீர்கள்.

தலைவர் இல்லாத குலங்களும் நிறைய உண்டு. புகேனன் குலத்துக்கு 1681-க்குப் பிறகு தலைவரே இல்லை. 2018-இல்தான் லார்ட் லயன் ஒருவரை அங்கீகரித்தார். 1725-இல் தொடங்கிய சங்கம் கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டுகள் தலைவர் இல்லாமலே நடந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே தலைவர் இல்லை என்பது தடை அல்ல. அந்த வெற்றிடத்தில் உங்கள் சங்கத் தலைவரை 'குலத்தலைவர்' என்று அழைக்கத் தொடங்குவதுதான் தவறு. இரண்டும் வேறு பதவிகள். குழப்பம் வராமலிருக்க, சங்கத்தை நடத்துபவரை 'பிரசிடென்ட்' அல்லது 'கன்வீனர்' என்றே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

படி 2: சின்னத்தில் கை வைக்கும் முன்

புதிய சங்கங்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பெல்ட்டும் கொக்கியும் வட்டமாகச் சுற்றியிருக்க, உள்ளே ஒரு மிருகமோ கையோ வாளோ, பெல்ட்டின் மேல் ஒரு முழக்க வாசகம். இதைக் 'குலச் சின்னம்' என்று கடைகளில் விற்கிறார்கள். உண்மையில் உள்ளே இருப்பது தலைவர் ஒருவருக்கே உரிய கிரெஸ்ட், அதாவது அவருடைய மரபுச் சின்னத்தின் உச்சிப் பகுதி. 'நான் இவரைப் பின்பற்றுபவன்' என்பதைக் காட்டத்தான் பெல்ட்டும் கொக்கியும். உறுப்பினர் அதைத் தொப்பியில் குத்திக்கொள்ளலாம். சங்கம் அதைத் தன் லோகோவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சங்கத்துக்கென்று சின்னம் வேண்டுமானால் லார்ட் லயனிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும், அதற்குச் செலவு கணிசமாக ஆகும். ஸ்காட்லாந்தில் மரபுச் சின்னங்களை உரிமையின்றிப் பயன்படுத்துவது 1672-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அமெரிக்காவில் உங்களை யாரும் பிடிக்க வரமாட்டார்கள். ஆனால் தலைவரின் ஆதரவைக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டு, அதே கடிதத்தாளின் தலைப்பில் அவருடைய கிரெஸ்டையே அச்சடித்து அனுப்பினால் பதில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடக்கத்துக்கு எளிய வழி: குலத்தின் செடிச் சின்னம், ஒரு மலை, அல்லது பெயரின் முதல் எழுத்து. பின்னணியில் டார்டன், அதாவது ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணியின் வடிவம். தொப்பியில் இறகு வைப்பதற்கும் கணக்கு உண்டு: குலத்தலைவருக்கு மூன்று, கிளைத் தலைவருக்கு இரண்டு, தமக்கென்று மரபுச் சின்னம் பெற்றவருக்கு ஒன்று. மற்றவர்களுக்கு இறகு கிடையாது. அழகுக்காகக்கூட.

டார்டனைப் புதிதாக வடிவமைக்க ஆசைப்படாதீர்கள். 2009 முதல் இயங்கும் ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து, தலைவர் ஏற்றதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தனி டார்டன் என்ற ஏற்பாடு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் கெட்டிப்பட்டது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது அந்த மோகம் உச்சத்துக்குப் போனது. கூடாரத்துக்கு வருபவரிடம் 'ஆயிரம் ஆண்டுப் பழைமை' என்று அளக்க வேண்டாம். விவரம் தெரிந்தவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

படி 3: பதிவும் விதிகளும்

அமெரிக்காவில் வரிசை இதுதான். முதலில் மாநிலத்தில் லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவு. பிறகு வருவாய்த் துறையிடம் இலவசமாகக் கிடைக்கும் நிறுவன அடையாள எண். அதைக் கொண்டு வங்கிக் கணக்கு. அதன் பிறகு அறப்பணி, கல்வி அமைப்புகளுக்கான 501(சி)(3) வரிவிலக்கு. ஆண்டு வருமானம் 50,000 டாலருக்குள்ளும் சொத்து 2,50,000 டாலருக்குள்ளும் இருக்கும் சிறு சங்கங்கள் பொதுவாக 1023-ஈஇசட் என்ற சுருக்கப் படிவத்தைப் பயன்படுத்தலாம், கட்டணம் 275 டாலர்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'இன்ன பெயருடையவரின் வாரிசுகள் மட்டும் உறுப்பினர்' என்று எழுதி, வம்சாவளி தேடுவதே நோக்கம் என்றால் வரிவிலக்கு கிடைக்காது. ஒரே குடும்பத்தின் தனிப்பட்ட நலனுக்கான அமைப்பாக அதை வருவாய்த் துறை பார்க்கிறது. 1980-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்கள். அதனால் உறுப்பினர் விதியில் 'குலத்தின் வரலாற்றிலும் பண்பாட்டிலும் ஆர்வமுள்ள எவரும்' என்று எழுதுங்கள், நோக்கத்தில் கல்வியை முன்னால் வையுங்கள். சங்கம் கலைந்தால் மீதிப் பணம் வேறொரு அறநிலையத்துக்கே போகும் என்ற விதியும் கட்டாயம்.

ஸ்காட்லாந்தில் என்றால் எஸ்சிஐஓ என்ற அறநிலைய வடிவம் பொருந்தும். குறைந்தது மூன்று அறங்காவலர்கள் வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கண்காணிப்பு அமைப்பான ஆஸ்கரிடம் கணக்குக் காட்ட வேண்டும்.

விதிகளில் கோரம் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) பற்றிய வரியைக் கவனமாக எழுதுங்கள். உறுப்பினர்கள் இருபது மாநிலங்களில் சிதறிக் கிடப்பார்கள். 'மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கு வர வேண்டும்' என்று எழுதிவிட்டால் எந்தப் பொதுக்குழுவும் செல்லாது. அந்த விதியைத் திருத்தக்கூடக் கோரம் சேராது. 'பத்துப் பேர், இணைய வழி வருகையும் சேரும்' என்பது போதும். நிர்வாகக் குழுவில் ஆறு பேர், மூன்றாண்டுப் பதவி, ஆண்டுக்கு இரண்டு பேர் மட்டும் மாறும்படி வைத்தால் ஒரே நாளில் எல்லாரும் போய்விடும் ஆபத்து இல்லை.

படி 4: கணக்கைப் போட்டுப் பார்ப்பது

ஒரு மாதிரிக் கணக்கு. 40 உறுப்பினர், தலைக்கு 30 டாலர், மொத்தம் 1,200. ஆண்டுக்கு இரண்டு முறை அச்சிட்ட செய்திமடலும் தபாலும் தலைக்கு 12 டாலர் என்றால் 480. இரண்டு விழாக்களில் கூடார இடம் 300. பொறுப்புக் காப்பீடு 350. இணையதளம், வங்கி, சில்லறைச் செலவு 120. மொத்தம் 1,250. ஐம்பது டாலர் துண்டு விழுகிறது. செய்திமடலை மின்னஞ்சலில் பெற 25 பேர் சம்மதித்தால் 300 டாலர் மிச்சம், துண்டு போய்க் கையில் 250 நிற்கும். அதனால் சேரும் படிவத்திலேயே 'மின்னஞ்சலா, தபாலா?' என்ற கேள்வியைப் போடுங்கள்.

ஆயுள் சந்தா இனிப்பு தடவிய பொறி. பத்து மடங்கு என்று 300 டாலர் வாங்குகிறீர்கள். அதை 4 சதவீத வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 12 டாலர்தான் வரும், செய்திமடலுக்கே சரியாகப் போய்விடும். வைப்பில் போடாமல் அந்த ஆண்டே செலவழித்தால் அந்த 12 டாலரும் கிடையாது, அவருக்கு முப்பது ஆண்டு தபால் செலவு மட்டும் மிஞ்சும். ஆயுள் சந்தா வேண்டுமென்றால் இருபது மடங்கு வையுங்கள், தனிக் கணக்கில் போட்டு வட்டியை மட்டும் தொடுங்கள்.

சந்தா ஆண்டு எல்லாருக்கும் ஜனவரி 1-இல் தொடங்கட்டும். அக்டோபருக்குப் பிறகு சேர்பவருக்கு அடுத்த ஆண்டும் சேர்ந்தது. சேர்ந்த தேதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆண்டு என்று வைத்தால் பொருளாளர் மாதாமாதம் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மூன்றாவது மாதத்தில் விட்டுவிடுவார்.

சிறு சங்கங்கள் வருவாய்த் துறைக்கு ஆண்டுதோறும் 990-என் என்ற மின்னஞ்சலட்டையைத் தாக்கல் செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை, கட்டணமும் இல்லை. நாள்காட்டி ஆண்டுக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசி நாள் மே 15. மூன்று ஆண்டு தொடர்ந்து தவறினால் வரிவிலக்கு தானாக ரத்தாகிவிடும். பழைய பொருளாளரின் சொந்த மின்னஞ்சலில் எல்லாம் பதிவாகியிருந்து, அவர் விலகியதும் யாருக்கும் தெரியாமல் போவதுதான் வழக்கமான காரணம். சங்கத்துக்கென்று பொது மின்னஞ்சல் ஒன்றை முதல் நாளே திறந்துவிடுங்கள்.

படி 5: கூடாரம்

உறுப்பினர் சேர்வது இங்கேதான். வட கரோலினாவில் 1956 முதல் நடக்கும் கிராண்ட்ஃபாதர் மவுண்டன் போன்ற பெரிய விழாக்களில் இடம் பிடிக்கப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். குலக் கூடாரத்தில் பொருள் விற்கலாமா என்று முதலில் கேளுங்கள். பல விழாக்களில் விற்பனை வணிகக் கடைகளுக்கு மட்டும்தான்.

10-க்கு 10 அடி மடக்குக் கூடாரம், ஆறடி மேசை இரண்டு, நாற்காலி நான்கு. கூடாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 40 பவுண்டு எடை கட்டுங்கள். ஒரு கேலன் தண்ணீர்ப் புட்டி எட்டு பவுண்டுக்குச் சற்று மேல்தான், காற்றில் கூடாரத்தோடு சேர்ந்து பறக்கும். ஐந்து கேலன் மூடி வாளி நிறையத் தண்ணீர் பிடித்தால் கணக்குச் சரியாக வரும், மைதானத்துக்கு வெற்று வாளியாகவே கொண்டுபோகலாம். முளை அடிப்பதாக இருந்தால் அடியில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு அடியுங்கள். ஆறடி மேசையைத் தரை வரை மறைக்க 132-க்கு 90 அங்குலத் துணி வேண்டும். நல்ல கம்பளி டார்டனை இதற்கு வெட்டாதீர்கள், மழையில் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. பாலி-விஸ்கோஸ் என்ற செயற்கை இழைத் துணி போதும்.

மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். ஒருவர் வெளியே நிற்க வேண்டும். கூடாரத்தின் முன்பக்கம் பெரிய எழுத்தில் துணைப்பெயர்ப் பட்டியலைத் தொங்கவிடுங்கள். குலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'செப்ட்' பெயர்கள், அகர வரிசையில். மக்கள் நடந்துகொண்டே தம் பெயரைத் தேடுவார்கள், கிடைத்ததும் நிற்பார்கள். ஸ்காட்லாந்து வரைபடம் ஒன்றில் குலத்தின் பகுதியை வண்ணம் தீட்டி வைத்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். இந்தப் பட்டியல்களில் பலவும் பிற்காலத்தில் தொகுத்தவை. ஒரே பெயர் நான்கு குலங்களின் பட்டியலில் இருக்கும். 'நீங்கள் எங்களவர்தான்' என்று அடித்துச் சொல்லாமல், 'உங்கள் முன்னோர் எந்த மாவட்டம்?' என்று கேளுங்கள். பக்கத்துக் கூடாரத்துக்குரியவர் என்று தெரிந்தால் அங்கே அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். அடுத்த விழாவில் அவர்களும் உங்களிடம் ஆள் அனுப்புவார்கள்.

வருகைப் பதிவேட்டில் பேனாவால் எழுதிய மின்னஞ்சல் முகவரிகளில் பல வீட்டுக்கு வந்து பார்த்தால் படிக்கவே முடியாது. அவர் எழுதி முடித்ததும் நீங்கள் எழுத்தெழுத்தாகப் படித்துக்காட்டி உறுதி செய்யுங்கள், அல்லது டேப்லெட்டில் அடிக்கச் சொல்லுங்கள். ஏழு நாளுக்குள் முதல் கடிதம் போக வேண்டும். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் 'இவர்கள் யார்?' என்பார்.

படி 6: வம்சாவளியும் மரபணுவும்

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அதற்கு முன் என்றால் திருச்சபைப் பதிவேடுகள்தான், ஹைலேண்ட் பகுதியில் அவற்றில் நிறைய ஓட்டைகள். இரண்டையும் ஸ்காட்லாந்துஸ் பீப்பிள் தளத்தில் தேடலாம். கப்பலேறிப் போனவரின் சொந்த ஊர் தெரியாமல் அங்கே நேராகத் தேடினால் ஒரே பெயரில் ஐம்பது பேர் வருவார்கள். முதலில் அமெரிக்கப் பக்கத்துக் கல்லறை, உயில், நில ஆவணங்களில் ஊர்ப் பெயரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஒய்-டிஎன்ஏ என்ற மரபணுச் சோதனை தந்தை வழி ஆண்களை மட்டுமே தொடரும். தலைவரின் வம்சத்தோடு பொருந்தாத முடிவுகள் நிறைய வரும், காரணத்தை மேலே சொன்னோம். மாதிரி கொடுக்கும் முன்பே இதை எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். உயிரோடிருப்பவர்களின் பெயரும் பிறந்த தேதியும் செய்திமடலிலோ தளத்திலோ வரவே கூடாது.

படி 7: இரண்டாம் ஆண்டு

நவம்பர் கடைசியில் முதல் நினைவூட்டல், ஜனவரி நடுவில் இரண்டாவது, மார்ச்சில் ஒரு தொலைபேசி அழைப்பு. அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் சங்கத்தின் அளவு. அழைப்பவர் பணத்தைப் பற்றித் தொடங்கக் கூடாது. 'போன முறை தாத்தாவின் ஊரைத் தேடிக்கொண்டிருந்தீர்களே, கிடைத்ததா?' என்று தொடங்கலாம். அதற்கு, கூடாரத்தில் பேசியதைப் பதிவேட்டில் ஒரு வரி குறித்து வைத்திருக்க வேண்டும்.

ஆண்டில் பிடித்துக்கொள்ள நாட்கள் உண்டு: ஜனவரி 25 பர்ன்ஸ் இரவு (கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள்), ஏப்ரல் 6 டார்டன் நாள், நவம்பர் 30 புனித ஆண்ட்ரூ நாள். விருந்துக்கு ஹாகிஸ் (ஆட்டு உள்ளுறுப்புகளும் ஓட்ஸும் சேர்ந்த ஸ்காட்லாந்து உணவு) உள்ளூரில் தயாரித்ததாகவே இருக்கட்டும். ஆட்டு நுரையீரல் சேர்ந்த அசல் ஹாகிஸ் 1971 முதல் அமெரிக்காவில் தடை. தேவாலயத்தில் டார்டனுக்கு ஆசி பெறும் 'கர்க்கின்' சடங்கைச் சேர்த்தால், அது 1941-இல் வாஷிங்டனில் தொடங்கிய அமெரிக்க வழக்கம் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். அதனால் அதன் அழகு குறையாது.

ஸ்காட்லாந்துப் பயணம் என்ற பேச்சு மூன்றாம் ஆண்டில் எழும். மக்பெர்சன் குலத்தவர் ஆகஸ்ட்டில் நியூடன்மோரில் கூடுகிறார்கள், மக்லியோட் குலத்தவர் நான்காண்டுக்கு ஒருமுறை டன்வெகனில். பதினெட்டு மாதம் முன்பே தொடங்குங்கள். ஆகஸ்ட்டில் எடின்பரோ கலைவிழா நடக்கும், அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். 2009-இல் எடின்பரோவில் நடந்த 'தி கேதரிங்' விழாவுக்கு உலகெங்கும் இருந்து குலங்கள் திரண்டன. கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆனாலும் நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கியது, சிறு ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. பயணப் பணத்தைச் சங்கக் கணக்கோடு கலக்காதீர்கள். முன்பணம் கட்டியவர் எண்ணிக்கை விடுதி கேட்கும் குறைந்தபட்சத்தைத் தொடும் வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'வருகிறேன்' என்று கை தூக்கியவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.