குளிர்கால ஓடையில் டிரௌட்டும் பாஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓசார்க் மலைப்பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளினூடே ஓடும் சிற்றோடைகளில் ஜனவரி மாதத்திலும் டிரௌட், பாஸ் ஆகிய மீன்களுக்குத் தூண்டில் போடலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்பிப் போனவர்களிலும் பெரும்பாலோர் அரைநாள் விறைத்து நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பி, குளிரில் மீன் இரை எடுக்காது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மீன் இரை எடுக்கத்தான் செய்கிறது. கோடையில் பழகிய அதே நேரம், அதே இடம், அதே வேகம் ஆகியவற்றைக் கனத்த மேலங்கி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அப்படியே தொடர்வதால்தான் நாள் வீணாகிறது. செயின்ட் லூயிஸில் குடியேறிய பிறகு பல குளிர்காலங்களை இந்த ஓடைகளில் கழித்தவன் என்ற முறையில், நான் செய்ததும் பிறர் செய்யக் கண்டதுமான தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

எல்லாத் தவறுகளுக்கும் வேர், காற்றின் குளிரைக் கொண்டு நீரை மதிப்பிடுவதுதான். ஒரு ஜனவரிக் காலையில் ரோலா நகருக்குத் தெற்கே மில் க்ரீக் ஓடைக்குப் போயிருந்தேன். காரின் வெப்பமானி உறைநிலைக்கு எட்டுப் பாகை கீழே காட்டியது. ஓடையின் மேலோ, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்திலிருந்து எழுவதைப் போல ஆவி எழுந்துகொண்டிருந்தது. நூலில் கட்டிய சிறு வெப்பமானியை ஊற்று வாய்க்கு அருகே இரண்டு நிமிடம் அமிழ்த்தி எடுத்தபோது 12 பாகை செல்சியஸ் இருந்தது. அதே நாள் பிற்பகலில், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஹஸா க்ரீக் ஓடையில் அதே வெப்பமானி 4 பாகை காட்டியது. ஒரே வானம், ஒரே காற்று, ஆனால் மீனுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பருவங்கள்.

காரணம் எளிது. ஓசார்க் பகுதியின் பெரிய ஊற்றுகள் நிலத்தடியிலிருந்து ஆண்டு முழுவதும் 13, 14 பாகை அளவிலேயே நீரை வெளியே தள்ளுகின்றன. கோடையில் அந்த நீர் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருப்பதால்தான், இந்த மாநிலத்துக்கு உரியதல்லாத டிரௌட் இங்கே வாழ முடிகிறது. கலிஃபோர்னியாவின் மெக்ளவுட் ஆற்றிலிருந்து 1880களில் கொண்டுவரப்பட்ட ரெயின்போ டிரௌட்டின் வழித்தோன்றல்கள் கிரேன் க்ரீக் ஓடையில் இன்றும் தாமாகவே இனம்பெருக்கி வாழ்கின்றன. நீலகிரியில் அவலாஞ்சியின் டிரௌட் பொரிப்பகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் சாயல் பழக்கப்பட்டதாகவே இருக்கும். ஸ்மால்மவுத் பாஸ் இந்த மண்ணின் மீன். ஊற்று நீர் அதிகம் கலக்காத ஹஸா, கோர்ட்வா போன்ற ஓடைகள் அதற்கு உரியவை. பின்னதன் பெயரைக் 'கோடவே' என்று உள்ளூரில் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். டிரௌட் ஓடையில் குளிர்காலம் வாழத்தக்க பருவம். பாஸ் ஓடையில் அது அரைத் தூக்கத்தின் பருவம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் இரண்டு மீனுக்கும் ஒரே உத்தியைக் கையாள்வது முதல் தவறு. ஊற்றிலிருந்து கீழே போகப் போக நீர் குளிர்ந்துகொண்டே வரும் என்பதால், கோடையில் நன்றாகக் கிடைத்த இடம் மூன்று கிலோமீட்டர் கீழே இருந்ததென்றால் குளிர்காலத்தில் அங்கே போய் நிற்பதில் பயனில்லை. வெப்பமானி இல்லாமல் புறப்படாதீர்கள்.

அடுத்தது நேரத்தைப் பற்றியது. விடியற்காலையில்தான் மீன் பிடிபடும் என்பது கோடையின் பாடம். குளிர்காலத்தில் பாஸ் ஓடைகளில் காலை பத்து மணிக்கு முன்னால் நீரில் இறங்குவது வீண் உழைப்பு. நண்பகலை ஒட்டி வெயில் பட்டு நீர் ஒரு பாகை ஏறினாலும் அந்த ஒரு பாகையை மீன் உணர்கிறது. பதினொன்று முதல் மூன்று மணி வரையே உண்மையான நாள். டிரௌட் ஓடைகளிலும் மிட்ஜ் எனப்படும் கொசு அளவுப் பூச்சிகள் நீரிலிருந்து மேலெழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் வெயில் பளிச்சென்று அடிக்கும்போது எல்லாருக்கும் ஓடைக்குப் போக ஆசை வரும். அந்த வெயிலில் உருகும் பனிநீர் ஓடையில் கலந்து அதை மேலும் குளிர்விக்கிறது என்பதால் பாஸ் அன்று வாயைத் திறப்பதில்லை. பனி தரையில் இல்லாத நாட்களில் இதமான வெயில் தொடர்ந்து அடித்தால், அதன் இரண்டாம் நாளையோ மூன்றாம் நாளையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை, சலசலத்து ஓடும் ஆழமற்ற பகுதிகளில் பாஸைத் தேடி நேரத்தைச் செலவிடுவதே நான் அதிகம் காணும் பிழை. நீர் 10 பாகைக்குக் கீழே இறங்கியதும் ஸ்மால்மவுத் பாஸ் நீரோட்டத்தை விட்டு விலகி, பெரிய பாறைகளும் விழுந்த மரங்களும் கிடக்கும் ஆழமான மடுக்களுக்கோ ஊற்று நீர் கசிந்து கலக்கும் இடங்களுக்கோ சென்று கூட்டமாக அடங்கிவிடுகிறது. ஓடையின் பத்து மடுக்களில் ஒன்பது வெறுமையாக இருக்கலாம். பத்தாவதில் நெடுந்தூரத்து மீன்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அப்படி ஒன்று வாய்த்துவிட்டால், இத்தனை மீன் இருக்கின்றனவே என்று எடுத்துக்கொண்டு போவது பெரும் தவறு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அந்த மடுவில் இருப்பது ஒரு மடுவின் மீன் அன்று. ஓடையின் பெரும்பகுதிக்குரிய மீன். இந்த ஓடைகளில் பாஸ் மெதுவாகவே வளர்கிறது. முன்கையின் நீளம் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இனி வேகத்துக்கு வருவோம். குளிர்ந்த நீரில் மீனின் செரிமானம் மந்தமாகிறது. ஆகவே அது குறைவாக உண்கிறது, இரைக்காகத் தொலைவு ஓடவும் விரும்புவதில்லை. முகத்துக்கு நேரே மெதுவாக வருவதை மட்டுமே எடுக்கும். கோடையில் பாஸுக்காகச் சுழலும் தகட்டு இரைகளை விரைந்து இழுத்த கை, குளிர்காலத்திலும் தன்னையறியாமல் அதையே செய்கிறது. 2 முதல் 4 கிராம் எடையுள்ள, மயிர் அல்லது மென்மையான இறகு கட்டிய சிறு ஜிக் (தலையில் எடை பொருத்திய முள்) ஒன்றை மடுவின் அடியில் இறக்கி, அது அசைகிறதா இல்லையா என்று நமக்கே ஐயம் வருமளவுக்கு நகர்த்த வேண்டும். நான் ஒருமுறை இழுத்துவிட்டுப் பத்து வரை எண்ணுவேன். கை பரபரத்தால் இருபது வரை எண்ணுவேன். டிரௌட்டுக்கு ஈ வடிவ இரைகளைக் கட்டுவோர் கோடையின் பெரிய இரைகளைக் களைந்துவிட்டு, 18 முதல் 22 வரையிலான எண்களில் அமைந்த, அரிசிமணியைவிடச் சிறிய மிட்ஜ் புழு உருவங்களுக்கு மாற வேண்டும். தூண்டில் முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். ஊற்றோடைகளின் பாசியில் ஆண்டு முழுவதும் வாழும் ஸ்கட் என்னும் சிற்றிறால் வகையின் உருவமும் இங்கே ஏமாற்றுவதில்லை.

இரையைச் சரியாக இறக்கியவரும் தோற்பது மீன் கொத்துவதை உணரும் இடத்தில்தான். கோடையில் பாஸ் கொத்தினால் கோல் வளைந்து கையை இழுக்கும். முதல் குளிர்காலத்தில் அந்த இழுப்புக்காகவே காத்திருந்து எத்தனை மீன்களைத் தவறவிட்டேன் என்று இப்போது எண்ணிப்பார்க்கிறேன். ஹஸாவின் ஒரு மடுவில் என் ஜிக்கின் மேல் ஈர இலை ஒன்று ஒட்டிக்கொண்டதைப் போல ஒரு பாரம் மட்டும் தெரிந்தது. இலையைக் களையத்தான் கோலை உயர்த்தினேன். அந்த இலை மெல்லத் தலையை ஆட்டியது. வெண்கல நிறத்தில், பக்கங்களில் கருங்கோடுகளோடு, கண் சிவந்த பாஸ் ஒன்று மேலே வந்தது. குளிர்காலத்தில் கொத்து என்பது இவ்வளவுதான்: தூண்டில் நரம்பு ஓரிடத்தில் நின்றுவிடும், அல்லது சற்றே தளரும், அல்லது வழக்கத்தைவிட ஒரு பொட்டுப் பாரம் கூடும். ஆகவே கையை மட்டும் நம்பாமல் நரம்பு நீரில் நுழையும் புள்ளியைக் கண்ணால் கவனிக்கவேண்டும். ஐயம் வந்தால் கோலை மெதுவாக உயர்த்திப் பார்க்கவேண்டும். வேகமாகச் சுண்டி இழுத்தால், அரைகுறையாகக் கவ்வியிருக்கும் இரை வாயிலிருந்து நழுவிவிடும்.

குளிர்காலத்தில் பாசியும் சேறும் குறைந்து ஓடை கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். கோடையில் உதவிய தடித்த நரம்பு இப்போது மீனின் கண்ணில் கயிறாகத் தெரியும். டிரௌட்டுக்கு முள்ளை ஒட்டிய கடைசி நரம்பு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காமல் இருப்பது நல்லது. அதைவிட அதிகம் கெடுப்பது நிழல். சூரியன் நாள் முழுவதும் தென்வானில் தாழ்ந்தே செல்வதால் நண்பகலிலும் நம் நிழல் நெடுந்தூரம் விழுகிறது. கரையோர மரங்களிலும் இலையில்லை. டிரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும் என்பதால் கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கி, நிழல் நீரில் விழாத கரையைப் பிடித்து, தேவைப்பட்டால் குனிந்து செல்லவேண்டும்.

நீரில் இறங்குமுன் அடித்தளத்தைப் பாருங்கள். சுற்றிலும் கூழாங்கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, நடுவே ஒரு பாய் அகலத்துக்குத் துலக்கிவைத்தாற்போல வெளுத்துத் தெரியும் பரல் திட்டு இருந்தால், அது பெண் டிரௌட் வாலால் அடித்துப் பறித்து முட்டையிட்ட குழி. இலையுதிர்காலத்தின் முடிவிலும் குளிர்காலத்திலும் இந்த ஓடைகளில் டிரௌட் முட்டையிடுகிறது. முட்டைகள் பரலுக்குள் வாரக்கணக்கில் கிடந்து, பொரித்த குஞ்சுகளும் சிலகாலம் அதற்குள்ளேயே தங்குகின்றன. அதன்மேல் வைக்கும் ஒரு காலடி பல நூறு முட்டைகளை நசுக்கிவிடும். பொரிப்பகத்தின் துணையின்றித் தானே பெருகும் கிரேன் க்ரீக் போன்ற ஓடையில் இது ஈடுசெய்ய முடியாத இழப்பு. குழியின் மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடுவதையும் தவிர்க்கவேண்டும்.

பிடித்த மீனைக் கையாள்வதிலும் கோடைப் பழக்கம் தீங்கு செய்கிறது. காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது மீனை நீருக்கு வெளியே தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், அதன் செவுளின் மெல்லிய இழைகளில் ஈரம் உறையத் தொடங்கலாம். உலர்ந்த கம்பளிக் கையுறையால் பற்றினால் மேலுடலின் வழவழப்புப் படலம் கையுறையோடு வந்துவிடும். அதுதான் நோயிலிருந்து அதற்குக் காப்பு. கையுறையைக் கழற்றி, கையை நனைத்து, மீனை நீரிலேயே வைத்து முள்ளை எடுத்துவிடுவது ஒன்றே சரியான வழி. விரல் மரத்துத்தான் போகும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீளும் சிறு கொக்கியை முன்கூட்டியே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் வேலை விரைவில் முடியும்.

கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும்போது பொறுமையிழந்து விரலால் தட்டிப் பெயர்ப்பவர்கள் வளையத்தையோ கோலின் நுனியையோ உடைத்துக்கொள்கிறார்கள். கோலை ஓடை நீரில் அமிழ்த்தினால் கட்டி தானே கரையும்.

விதிகள் ஓடைக்கு ஓடை வேறுபடுவதால், மாநில இயற்கைவளப் பாதுகாப்புத் துறையின் ஒழுங்குமுறைகளைப் படிக்காமல் போகக்கூடாது. நீல ரிப்பன் என்று வகைப்படுத்தப்பட்ட டிரௌட் ஓடைகளில் ஈ வடிவ இரைகளும் செயற்கை இரைகளும் மட்டுமே செல்லும். மென்பிளாஸ்டிக் இரைகளுக்கு அனுமதியில்லை. 18 அங்குலத்துக்குக் குறைந்த டிரௌட்டை வைத்துக்கொள்ள முடியாது. பென்னட் ஸ்பிரிங், மான்டாக், ரோரிங் ரிவர், மெரமெக் ஸ்பிரிங் ஆகிய நான்கு டிரௌட் பூங்காக்களில் குளிர்காலப் பருவம் நவம்பரின் இரண்டாம் வெள்ளி முதல் பிப்ரவரியின் இரண்டாம் திங்கள் வரை, வெள்ளி முதல் திங்கள் வரையான நாட்களில் மட்டும் நடைபெறும். பிடித்த மீனையெல்லாம் விட்டுவிடவேண்டும்.

டிரௌட்டுக்கு இதமான அதே 12 பாகை நீர் மனிதனைக் கொல்லக்கூடியது. வழுக்கி விழுந்தவருக்கு மூச்சை நிலைப்படுத்த ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்புமுன் ஒரு மணி நேரம் என்று குளிர்நீர் விபத்துகளை ஆராய்ந்த கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்த கணக்கை, மிகக் குளிர்ந்த நீரில் இறங்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். மார்புவரை வரும் நீர்புகா உடைக்கு மேலே இடுப்புவார் கட்டாமல் இறங்குவது, விழுந்தால் உடைக்குள் நீர் நிறைய வழி திறந்துவிடுவதாகும். பருத்தி உள்ளாடை நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். கால் குளிருமே என்று மூன்று காலுறைகளை அணிந்து காலணிக்குள் திணித்தால் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு இன்னும் விரைவாக மரத்துப்போகும். ஃபெல்ட் எனப்படும் அழுத்திய இழைத் தகடு வைத்த அடிப்பாகமுள்ள காலணிகள் பனியில் உருண்டை கட்டி வழுக்கும். டிட்மோ என்னும் பாசி ஓடைக்கு ஓடை பரவுவதைத் தடுக்க மிசௌரியின் டிரௌட் நீர்நிலைகளில் 2012 முதல் அவை தடைசெய்யப்பட்டும் உள்ளன. ஆணி பதித்த ரப்பர் அடிப்பாகமே ஏற்றது. கரையிலிருந்து நீருக்கு மேல் நீண்டிருக்கும் பனிக்கட்டி விளிம்பில் ஒருபோதும் நிற்காதீர்கள். அதன் அடியில் தாங்க எதுவுமில்லை. முழு மாற்றுடை ஒன்றையும் துண்டு ஒன்றையும் காரில் வையுங்கள். கார்ச் சாவியை நீர்புகா உறையில் இட்டு மார்புப் பையில் வைத்து மூடுங்கள். எந்த ஓடையில், எந்தப் பாலத்தருகே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.