இறக்கத்தை இலவசம் என்று நினைக்காதீர்கள்: பவானிப் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்ததும் சத்தியமங்கலம் சாலையில் புதுச் சைக்கிள்கள் தென்படத் தொடங்கிவிடும். ஈரோடு, திருப்பூர், கோவையிலிருந்து காரின் பின்னால் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். பண்ணாரி கோயிலுக்கு முன்னால் இறக்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, மலை மேலிருக்கும் திம்பத்தை நோக்கி மிதிக்கிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் புதியது எதுவும் இல்லை. எங்கள் கூட்டம் ஆரம்ப காலத்தில் செய்தவைதான், அதே வரிசையில், பெரும்பாலும் அதே வளைவுகளில் நடக்கின்றன.

ஹெல்மெட், தண்ணீர், மாற்று டியூப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரியாதவர் மலைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது.

கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது

பவானியிலிருந்து ஆப்பக்கூடல், அத்தாணி, டி.என்.பாளையம் வழியாகச் சத்தியமங்கலம் வருவதற்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். முதலாவதை ஓட்டி முடித்தவர், இரண்டாவதில் பாதி வேலைதான் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர். தூரம் குறைவாக இருப்பதே எச்சரிக்கை என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பாதையை எடைபோடுவதும் இந்த வகைதான். திம்பத்துக்கு 27, ஆழியாறு–வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 என்று ஒப்பிக்கிறார்கள். சரிவைக் குறைத்துச் சாலையை நீட்டுவதற்காகத்தான் அந்த வளைவுகளைப் போட்டிருக்கிறார்கள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறுவது ஏறக்குறைய 800 மீட்டர். கோத்தகிரிச் சாலையில் அத்தனை வளைவுகள் கிடையாது, ஆனால் ஏறும் உயரம் ஏறக்குறைய இரு மடங்கு. எண்ணிக்கை சட்டையில் அச்சடித்துக்கொள்ள உதவும்.

புதிதாக வருபவர் மேட்டூரிலிருந்து நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை வழியாகக் காவிரியை ஒட்டிப் பவானி வரை சில ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டட்டும். அதன் பிறகு அந்தியூரிலிருந்து தாமரைக்கரை, அப்புறம் திம்பம். கோத்தகிரி கடைசியில் இருக்கட்டும்.

பந்தய வீரரின் கியர்

கடையில் அழகாக இருக்கிறது என்று பெரிய முன் பற்சக்கரமும் நெருக்கமான பின் பற்களும் கொண்ட சைக்கிளை வாங்கிவிடுகிறார்கள். கணக்கு எளியது. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். திம்பத்தில் சாதாரண ஆளுக்கு அது நல்ல வேகம். முன்னால் 39, பின்னால் 25 இருந்தால் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 45 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் முனகும். பின் பற்சக்கரத்தை மாற்ற ஆகும் செலவு முட்டிக்கு வைத்தியம் பார்க்கும் செலவைவிடக் குறைவு. பெரிய பல்லை ஏற்கும் அளவுக்குப் பின் கியர் கைக்கு நீளம் இருக்கிறதா என்று மட்டும் மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்சியிலிருந்து அடிவாரம் வரை பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவது

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இதுதான். மற்ற தவறுகள் நேரத்தையும் பணத்தையும் தின்னும்; இது ஆளையே தின்னும். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் இன்னொருவர் அதையே செய்துகொண்டு இறங்குகிறார்.

ஏற்றத்துக்காக மாதக்கணக்கில் பழகுகிறார்கள். என்ன சாப்பிடுவது, எங்கே நிற்பது என்று திட்டம் போடுகிறார்கள். இறக்கத்துக்கு மட்டும் திட்டம் கிடையாது, அது தானாக நடந்துவிடும் என்று நம்புகிறார்கள். மலை உச்சிக்கு ஏறி முடித்த களிப்பில் இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்திக்கொண்டு, இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், அடிவாரம் வரை விடாமல் வருகிறார்கள். கேட்டால் பாதுகாப்பாக இறங்கினேன் என்பார்கள்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறக்குறைய 7.8 லட்சம் ஜூல். பச்சைத் தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். வேகமாக வந்தால் பெரும்பகுதியை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக வந்தால் காற்று வாங்குவது சொற்பம். மீதியெல்லாம் ரிம்மில் அல்லது டிஸ்க்கில் ஏறும். நடந்து போகும் வேகத்தில் ஊர்ந்தால் வெப்பம் மெல்லத்தான் உருவாகும், ஆறுவதற்கும் நேரம் கிடைக்கும். ஆகவே மிக மோசமானது அந்த நடுத்தர வேகம்தான், அதாவது எல்லாரும் பாதுகாப்பு என்று நம்புகிற வேகம்.

ரிம் சூடானால் உள்ளே இருக்கும் காற்றும் சூடாகும். 30 டிகிரியில் 100 பி.எஸ்.ஐ. அடைத்த காற்று 100 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 125-ஐத் தாண்டும். பஞ்சர் ஒட்டிய இடத்தில் பசை இளகும். ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் மலிவான பிளாஸ்டிக் பட்டை மென்மையாகி, ஸ்போக் துளைக்குள் டியூப் பிதுங்கும். எடை குறைவு என்று இப்போது விற்கிற டி.பி.யு. என்னும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப், ரிம் பிரேக் சைக்கிளோடு நீண்ட இறக்கத்துக்கு ஆகாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கார்பன் ரிம்மாக இருந்தால் பிசினே இளகலாம். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். பிரேக் கட்டை பளபளத்துப் போய்ப் பிடிமானம் குறையும். எண்ணெய் சூடேறினால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும்.

திருப்பூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் கோத்தகிரியிலிருந்து எங்களோடு இறங்கினார். நல்ல ஏற்றக்காரர், மேலே போகும்போது எங்களையெல்லாம் விட்டுவிட்டுப் போனவர். குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு வளைவுக்குள் நுழையும்போது முன் டயர் வெடித்தது. பட்டாசுச் சத்தம், மரத்திலிருந்த குரங்குகள் சிதறின. அவர் சரிந்தது மலைச் சுவரின் பக்கம் இருந்த சாக்கடையில். மறுபக்கமாக இருந்திருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். தோள் சிராய்ப்போடு எழுந்து உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, நான் மேலிருந்தே பிரேக் பிடித்துக்கொண்டுதானே வந்தேன், அப்புறம் எப்படி?” அதனால்தான் தம்பி என்று சொல்ல எங்களுக்கே ஒரு நிமிடம் ஆனது. ரிம்மில் கை வைத்த நண்பர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

லாரி ஓட்டுநர்களுக்கு இது பழைய பாடம். ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், பிரேக் ஓய்வெடுக்கும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகள். செங்குத்தான அந்தச் சாலையில் வெளியூர் சுற்றுலா வாகனங்களைக் கீழே இறங்க விடாததற்குக் காரணம் இந்தப் பழக்கம் இல்லாதவர்களின் பிரேக்தான். சைக்கிளில் பிடித்து நிறுத்த எஞ்சினும் கிடையாது. நமக்கு இருப்பது காற்றும் இடைவெளியும் மட்டுமே.

ஆகவே நேர்ப் பாதையில் கையை எடுங்கள். சைக்கிளை ஓட விடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்றை வாங்குங்கள், அதுவே ஒரு பிரேக். வளைவு வருவதற்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்ததும் விடுங்கள். வளைவின் நடுவில் சைக்கிள் சாய்ந்திருக்கும்போது அழுத்துவதுதான் சறுக்கல். முன் பிரேக்கைத் தொடவே பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள் பலர். இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் பெரும்பாலான வேலையை முன் பிரேக்தான் செய்யும். பின்னதை மட்டும் அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். எந்தக் கை எந்தப் பிரேக் என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். இரவல் சைக்கிள் என்றால் மலை உச்சியில் அல்ல, வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேகம் பயமாக இருக்கிறதா? நியாயமான பயம். அப்படியானால் நான்கைந்து வளைவுக்கு ஒரு முறை அகலமான இடம் பார்த்து நில்லுங்கள். தேநீர் குடியுங்கள். ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். சூடு தணிந்த பிறகு கிளம்புங்கள். இதில் அவமானம் எதுவும் இல்லை. கோத்தகிரிச் சாலையில் தேநீர்க் கடைகளுக்கும் பஞ்சம் இல்லை.

யானை

மாலை நான்கு மணிக்கு மேல் பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டாதீர்கள். பேச்சு முடிந்தது.

(காரணம் கேட்பவர்களுக்காக ஒன்று மட்டும்: இது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2022 முதல் திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்கு உயர் நீதிமன்றக் கட்டுப்பாடும் இருக்கிறது. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. நீங்கள் யானையைப் பார்ப்பதற்கு முன் யானைக்கும் நீங்கள் வருவது தெரியாது.)

லாரியோடு வளைவில் போட்டி

நீளமான லாரி திம்பம் வளைவில் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்கு வேண்டும். இறங்கி ஓரமாக நில்லுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது சட்டம்தான். சட்டத்தை நம்பி வளைவின் உள்பக்கம் நுழைந்துவிடாதீர்கள்.

ஆடி மாதக் காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வரும் மாதங்களில், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சும்மா சுற்றவில்லை. காலையில் கோவையிலிருந்து கிழக்கே கிளம்புகிறவர் தன் வேகத்தைப் பார்த்துத் தானே வியந்துபோவார். திரும்பும்போது அதே சாலை, அதே கால்கள், பாதி வேகம், தலைக்கு மேல் வெயில். ஆனி, ஆடியில் முதலில் மேற்கு நோக்கிப் போங்கள்; காற்றை எதிர்த்துப் போய், அதன் மேலேறித் திரும்புங்கள். மலைக்குப் போனாலும் காற்றை மறக்காதீர்கள்: வால்பாறை போய் வந்து, மிச்சமிருக்கும் பலத்தில் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு மிதிக்கலாம் என்ற திட்டத்தை ஜூலையில் போட வேண்டாம்.

வாய்க்கால் கரை

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது கரையில் ஓட்டுவது சுகம். நெருஞ்சி முள்ளுக்கும் அங்கே சுகம்தான். மெலிந்த டயரோடு போகாதீர்கள்.

கோடை சீசனில் குன்னூர் வழி

மே மாதக் கூட்டத்தில் பல ஆண்டுகளாகக் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தைக் கொண்டுவருகிறார்கள். அன்றைய ஏற்பாட்டை மேட்டுப்பாளையத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பாதி மலையில் திருப்பி அனுப்பப்படுவதைப் போல் கால்களை உடைப்பது வேறில்லை.

பண்ணாரி குண்டம்

பங்குனியில் குண்டம் என்னும் தீமிதித் திருவிழா நடக்கும் வாரம் சத்தியமங்கலம் சாலை நடந்து வரும் பக்தர்களுக்குப் போதாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பர்கூர் மலைக்குப் போங்கள். அந்தியூரில் காலை உணவை முடித்துக்கொண்டு ஏறுங்கள், மேலே கடைகள் குறைவு.