வானத்தை எட்டாகப் பிரித்துப் பாருங்கள்

ஃபியூ, ஸ்கேட்டர்டு, புரோக்கன், ஓவர்காஸ்ட். விமான நிலைய வானிலைக் குறிப்புகளில் வானத்தை எவ்வளவு மேகம் மூடியிருக்கிறது என்று சொல்லும் இந்த நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் கணக்கு உண்டு. பல்லாவரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்று காலையில் வானத்தை எண்ணி எழுதிவிட்டு, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அது அரை மணிக்கு ஒரு முறை வரும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் முதலில் நீங்களே எண்ணுங்கள். விடையைப் பார்த்துவிட்டு எண்ணினால் கண் பழகாது.

நான்கு திசையும் தெரிகிற இடத்தில் நின்று வானத்தை நான்கு கால்பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கால்பகுதிக்கும் இரண்டு பங்கு, மொத்தம் எட்டு. இந்தப் பங்குக்குப் பெயர் ஆக்டா. அந்தந்தக் கால்பகுதியில் சிதறிக் கிடக்கும் மேகத்தை மனதுக்குள் ஒரு ஓரமாகத் தள்ளி, எத்தனை பங்கு நிரம்புகிறது என்று பார்த்துக் கூட்டுங்கள். 1, 2 என்றால் ஃபியூ. 3, 4 ஸ்கேட்டர்டு. 5 முதல் 7 வரை புரோக்கன். எட்டும் மூடியிருந்தால்தான் ஓவர்காஸ்ட்.

சூரியன் மறைந்தாலே ஓவர்காஸ்ட் என்று எழுதிவிடத் தோன்றும், அதுவும் ஐப்பசி மழை நாளில். எங்காவது ஒரு துண்டு நீலம் தெரிந்தாலும் 7தான். அதேபோல ஒரு துணுக்கு மேகம் இருந்தாலும் 0 அல்ல, 1. நீலம் ஊடுருவித் தெரிகிற மெல்லிய சிர்ரஸ் மேகத்தையும் முழுசாகவே எண்ண வேண்டும். தொடுவானத்தருகே மேகங்களின் பக்கவாட்டும் தெரிவதால் நடுவிலுள்ள இடைவெளிகள் மறைந்துவிடும். அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் தலைக்கு மேலேயும் நன்றாகப் பாருங்கள்.

சரி, இப்போது மெட்டாரைத் திறங்கள். எஸ்சிடி020 என்று இருந்தால், ஸ்கேட்டர்டு மேகத்தின் அடிப்பகுதி 2000 அடி உயரத்தில் இருக்கிறது என்று பொருள். எண்ணை நூறால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் சிபி என்று ஒட்டியிருந்தால் அது குமுலோநிம்பஸ், இடி மேகம். முன்னால் ஃபியூ என்று இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். ஆவணி மாலைகளில் மேற்கே உச்சி தட்டையாக விரிந்த மேகம் ஒன்றே ஒன்று நின்றாலும் நான் கொடியிலிருக்கும் துணியை எடுத்துவிடுவேன்.

மங்கலான காலைகளுக்கு வேறு அளவு. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கட்டடம் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தால் மங்கி, அதுவே தெரியாவிட்டால் ஃபாக். அது தெரிந்து, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தெரியவில்லை என்றால் மிஸ்ட். ஈரமில்லாத தூசி மங்கலுக்கு ஹேஸ். போகிப் புகைக்கு ஸ்மோக் என்றே தனிச்சொல் இருக்கிறது. புகையோ பனியோ வானத்தையே மறைத்துவிட்டால் எட்டு என்று ஊகித்து எழுதக் கூடாது. அதற்கென்றே வானிலைப் பதிவில் 9 என்ற எண் உண்டு, அதை எழுதுங்கள்.