பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல் இறக்குவது

முதலில் ஷீட்டின் இருபுறமும் தண்ணீர் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்தால் நன்றாக ஊறும். வேகமாகப் பீய்ச்சினால் ஷீட்டிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் நார் காற்றில் கிளம்பும். ஷீட்டில் காலை வைக்காதீர்கள், சட்டென்று உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும். பலகை போட்டு நில்லுங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் (J வடிவக் கொக்கி போல்ட்) துருப்பிடித்துச் சுற்றவில்லையா? ஆக்ஸா பிளேடால் போல்ட்டை அறுங்கள், ஷீட்டை அல்ல. கிரைண்டர் கூடவே கூடாது. அந்தப் புழுதிதான் 20, 30, சில நேரம் 50 வருடம் கழித்து மீசோதெலியோமாவாக, நுரையீரல் உறையில் புற்றுநோயாக வருகிறது. கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் வீண். நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 (P100) வடிகட்டி மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதிலும் இடைவெளி விழும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி போதும். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். துவைத்துக் கொடுத்த மனைவிமாருக்கும் இந்நோய் வந்திருக்கிறது. ஷீட்டைக் கெட்டியான பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டுங்கள். கோழிக்கொட்டகைக்கு, பள்ளம் நிரப்ப என்று துண்டுகளை யாராவது கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.